பச்சை நூல் கட்டிய பென் டிரைவ்

தம்பி,

பத்திரிகைக் கட்டு நேற்று வந்துவிட்டது. உன் பெயரும் அந்தப் பெண்ணின் பெயரும் நன்றாகத்தான் அச்சாகியிருக்கின்றன. உன் அம்மா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். நீ பூனாவிலிருந்து அனுப்பிய ஆட்கள் பட்டியலை ஒரு தாளில் பெரிதாக எழுதிக்கொண்டேன். உன்னோடு வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், காலேஜில் படித்தவர்கள் இருக்கிறார்கள், எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்த சார்கூட இருக்கிறார். மஞ்சுநாத் இல்லை. இருக்கமாட்டான் என்று தெரியும். தெரிந்தும் மேலிருந்து கீழாக இரண்டு தடவை தேடினேன். அதற்குப் பிறகுதான் இந்த லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்பாய், நானும் சரி என்று வைத்துவிடுவேன். நம் இரண்டு பேருக்கும் அது நன்றாகப் பழகிவிட்டது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் காணாமல் போன உன் பென் டிரைவை மஞ்சு எடுக்கவில்லை. நான் எடுத்தேன். அதில் இருந்ததை அழித்ததும் நான்தான். இந்த வரியை எழுதும்போது கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் அடுத்தவர் உதடு மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருக்கிறது. இந்த மூன்று வருஷமும் ஏறக்குறைய அப்படித்தான் போயிற்று.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த பாதியோடு நான் மறைத்த பாதியைப் பொருத்திப் பார்த்தால்தான் முழுசாக விளங்கும். நீயும் மஞ்சுவும் பிளஸ் ஒன்னில் இருந்து ஒரே பெஞ்சு. அவன் வீட்டில் கன்னடம், நம் வீட்டில் தமிழ், உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன பாஷை என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. தளிக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ரோஜாத் தோட்டம். பறித்த பூவின் தண்டில் அடிமுள்ளையும் அடி இலையையும் உரித்துத்தான் கட்டு கட்ட வேண்டும். அவன் அம்மா கையில் பழைய சாக்ஸை மாட்டிக்கொண்டு காலையிலிருந்து மத்தியானம்வரை அதைத்தான் செய்வார். அந்த வேலைக்கு ஒரு சின்ன மெஷின் செய்யலாம் என்று நீங்கள் இரண்டு பேரும் இறங்கினீர்கள். அப்போது இரண்டு பேரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள்; வேலை முடிந்து வந்து, ஞாயிற்றுக்கிழமையும் விடாமல், ஒன்றரை வருஷம் அவன் வீட்டுக் கம்ப்யூட்டரில் வரைந்தீர்கள். யாராவது திருடிவிடுவார்கள் என்று உனக்கு ஒரே பயம். மெஷினின் படம் வரைந்து முடிந்த சனிக்கிழமை, ஒரே ஒரு காப்பிதான் இருக்க வேண்டும் என்று சொல்லி, அவன் கம்ப்யூட்டரில் இருந்ததை அவன் கையாலேயே அழிக்க வைத்துவிட்டு, பென் டிரைவில் போட்டு எடுத்து வந்தாய். ரோஜாக் கட்டுக்குப் போடுகிற பச்சை நூலை அவன் அதில் கட்டிக் கொடுத்திருந்தான். உன்னை வண்டியில் கொண்டுவந்து விட்டு, நம் வீட்டில் சாப்பிட்டு, உன் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். அந்த வாரம் ஒரு பூப்பண்ணை முதலாளியிடம் காட்டுவதாக இருந்தீர்கள். ஆனால் இதெல்லாம் அந்தப் பென் டிரைவுக்குள்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நீயும் அம்மாவும் மத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு வார விடுமுறை. உனக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப், இதே லேப்டாப்தான், அப்போது ஆன் செய்தால் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவு. விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் பழைய லேப்டாப்பும் ஓடும் என்று கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஆள் ஒருவர் சொல்லியிருந்தார். அதை முதலில் பென் டிரைவில் ஏற்ற வேண்டும், பிறகு அந்தப் பென் டிரைவிலிருந்தே லேப்டாப்பைக் கிளப்ப வேண்டும். வீடியோ பார்த்து ஒரு நோட்டில் படிப்படியாக எழுதி வைத்திருந்தேன். முப்பத்தொரு வருஷம் மெஷினில் நின்றவன், இதுகூடவா வராது என்று ஒரு வீம்பு. நீங்கள் வருவதற்குள் முடித்து, உன் முன்னால் ஆன் செய்து காட்ட வேண்டும் என்று ஒரு ஆசையும் இருந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாங்கிவந்த புதுப் பென் டிரைவ் போலி. பாதி ஏறியதும் நின்றுவிட்டது. இரண்டாம் முறையும் நின்றது. உன் மேசைமேல் பச்சை நூலோடு ஒன்று கிடந்தது. எடுத்துச் செருகினேன்.

ஸ்டார்ட் அழுத்தியதும் ஒரு பெட்டி வந்தது. இதில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று கேட்டது. இங்கிலீஷில்தான் கேட்டது, ஆனால் எனக்குப் புரியாத இங்கிலீஷ் இல்லை. நான் படிக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் மெஷின்களில் ஷிப்டுக்கு இருபது முப்பது தடவை அலாரம் வரும். திரையில் ஏதோ வரி ஓடும். அதைப் படித்துக்கொண்டு நின்றால் டார்கெட் போய்விடும். ரீசெட் அழுத்து, சைக்கிள் ஸ்டார்ட் அழுத்து, அடுத்த பீஸை மாட்டு. எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் புதிதாக வந்த எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். திரையில் ஒரு பெட்டி வந்தால் என் விரல் கண்ணைக் கேட்காது. ஓகே அழுத்தினேன். பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்து முடிந்தது. லேப்டாப்பை அணைத்து, எப்12 அழுத்தி, பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். லினக்ஸ் வந்தது. சும்மா பார்க்கிறாயா, நிறுவுகிறாயா என்று கேட்டது. நிறுவினேன். ஒரு மணி நேரத்தில் லேப்டாப் புதிதுபோல ஓடியது. அன்று மத்தியானம் எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லாமல் விட்டால் அதுவும் பொய்யாகிவிடும். தனியாக வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

சாயங்காலம் நீ வந்து அரை மணி நேரத்தில், "என் பென் டிரைவ் பாத்தீங்களாப்பா? பச்ச நூலு கட்டினது" என்று கேட்டாய். அது அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. இல்லையே என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். திட்டம் எதுவும் இல்லை. அந்தப் பெட்டிக்கு ஓகே அழுத்தியது மாதிரியேதான் அதுவும் வாயிலிருந்து வந்தது. லேப்டாப்பில் லினக்ஸ் இருப்பதை நீ பார்த்தாய். பக்கத்திலேயே போலிப் பென் டிரைவின் கவர் கிடந்தது, அதில்தான் ஏற்றினேன் என்று நினைத்துக்கொண்டாய். நான் மறுக்கவில்லை. நீ படுக்கையைப் புரட்டி, பீரோவைக் காலி செய்து, அம்மாவின் அரிசி டிரம்மைக்கூடத் துழாவினாய். வீட்டில் வைக்க இடமில்லாமல் மறுநாள் அதைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு முதல் ஷிப்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை நான் ஷிப்டு முடிந்து வந்து சட்டை மாற்றுவதற்குள் நீ மஞ்சுவை வரச்சொல்லியிருந்தாய். உன் அறைக்குள் வந்து போனவன் அவன் ஒருவன்தான், விஷயம் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான் என்று உனக்குத் தோன்றிவிட்டது. கேட்டுக்கு வெளியே அவன் வண்டியில் உட்கார்ந்திருந்தான். நீ எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தாய். நான் வாசற்படியில். நீ என்னென்ன சொன்னாய் என்பதை இங்கே எழுதவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும். அவன் சத்தம் போடவில்லை.

"மச்சா, நான் எதுக்குடா எடுக்கணும்? எங்கம்மா கைக்குத்தானடா அத யோசிச்சோம்" என்றான். பிறகு உன் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தான். "அப்பா, நீங்களாச்சும் சொல்லுங்க."

"உங்களுக்குள்ள பேசிக்கோங்கப்பா" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன்.

உள்ளே போய் முகம் கழுவினேன், டீ குடித்தேன். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அப்போதே மரத்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன். மூன்று மாதத்தில் நீ பூனா வேலையை எடுத்துக்கொண்டு போனாய். உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்றும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அம்மா அழுதாள், நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

இது எனக்கு முதல் தடவை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீ ஆறாவது படித்தபோது, ஒரு நாள் ஷிப்டு முடியப் போகிற நேரத்தில் வந்த அலாரத்தை வழக்கம்போல ரீசெட் செய்துவிட்டுக் கிளம்பினேன். டூல் தேய்ந்துவிட்டது என்பதுதான் அந்த அலாரம். அதற்கப்புறம் ஓடிய பீஸ் எல்லாம் துளை அளவு தப்பிக் கழிவாகிப் போயிற்று. அடுத்த ஷிப்டில் நின்றவர் முனிராஜ், ஒப்பந்த ஆள், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அவர் பேரில் எழுதினார்கள். மறுநாள் கேட்டில் அவருக்கு அனுமதி இல்லை. சூப்பர்வைசர் என்னைக் கேட்டார். நான் போகும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்றேன். அன்றைக்கு உனக்குப் பிறந்தநாள் சட்டை எடுக்கக் கிருஷ்ணகிரி போனோம். நீல நிறச் சட்டை. முனிராஜ் அதற்குப் பிறகு எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை.

பென் டிரைவ் கதைக்கே வருகிறேன். நீ போன பிறகு அதை நான் தூக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை, பயன்படுத்தினேன். லினக்ஸில் புதிது வரும்போதெல்லாம் அதிலேயே ஏற்றினேன். கம்பெனியில் நாலைந்து பேர் வீட்டுப் பழைய லேப்டாப்புக்குப் போட்டுக் கொடுத்தேன். லினக்ஸ் அண்ணன் என்று கேன்டீனில் கேலிப் பெயர்கூட வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டி வரும், எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று. இப்போது ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுத்தான் ஓகே அழுத்துகிறேன். அழிய அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு அழுத்தினேன்.

உன் கல்யாணம் முடிவானதும், போன மாதம், பாகலூர் ரோட்டில் அழிந்த போட்டோக்களை மீட்டுத் தருகிற கடைக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். ஏதாவது கிடைத்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு உன்னிடம் பேசலாம் என்று ஒரு கோழைக் கணக்கு. கடைக்காரர் ஒரு நாள் வைத்திருந்து பார்த்தார். ஏற்றின அன்றைக்கே கொண்டுவந்திருந்தால் பெரும்பாலும் எடுத்திருக்கலாம் என்றார். லினக்ஸ் பென் டிரைவில் கொஞ்ச இடத்தைத்தான் பிடிக்குமாம், மீதி இடத்தில் பழையது வெகுநாள் அப்படியே கிடக்குமாம். "நீங்க இதுமேல மேல மேல வேற என்னென்னவோ ஏத்தியிருக்கீங்க சார்" என்றார். அதைக் கேட்டு வெளியே வந்து கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஓகே அழுத்தியது தவறு, அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அன்று சாயங்காலம் நீ கேட்டபோது பையிலிருந்து எடுத்து நீட்டியிருந்தால் உங்கள் மெஷின் இருந்திருக்கும். மஞ்சுவும் உன்னோடு இருந்திருப்பான். அழித்தது லினக்ஸ் இல்லை தம்பி, நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான்.

மீட்டதில் ஒன்று மட்டும் திறந்தது. ஒரு போட்டோ. மேல் பாதியில் ஒரு அம்மாவின் கை, பக்கத்தில் அளவு தெரிய ஒரு அடிக்கோல். விரல் நெடுக முள் கீறிய தழும்பு. கீழ்ப் பாதி வெறும் சாம்பல் நிறம். நீங்கள் மெஷினுக்கு அளவு எடுக்கப் பிடித்த படமாக இருக்கும்.

இன்று காலை உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "மூணு வருசமா அந்தப் பையன் பேர எடுத்தா எந்திரிச்சுப் போயிருவீங்க. அவன் மேல கோவம்னு நெனச்சேன்" என்றாள். அதற்குப் பிறகு சாப்பாடு மட்டும் எடுத்து வைத்தாள்.

அவளுக்கும் முன்னால், போன வியாழக்கிழமை, மஞ்சுவிடம் சொல்லியிருந்தேன். தளிக்குப் பஸ் ஏறிப் போனேன். அவன் இப்போது ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருக்கிறான், அன்று இரண்டாவது ஷிப்டு. ஷெட்டில் அவன் அம்மா தண்டு உரித்துக்கொண்டிருந்தார். அதே மாதிரி சாக்ஸ்தான். என்னைப் பார்த்ததும் எழுந்துபோய்க் காபி போட்டுக் கொண்டுவந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. தம்பிக்குக் கல்யாணமாமே, மேடைக்குப் பூவை வெளியே வாங்காதீர்கள், நம் தோட்டத்துப் பூவே போட்டுக்கொள்ளலாம் என்றார். தலையாட்டினேன். தலையாட்டும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் ஆட்டினேன்.

மஞ்சுவைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் பென் டிரைவை எடுத்துக் காட்டினேன். நீளமாகப் பேசத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவன் அதைக் கையில் வாங்கி நூலை விரலால் நீவிவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

"தெரியும்பா" என்றான். "அன்னிக்கி நீங்க வாசல்ல நின்னப்போ பாக்கெட்டுக்கு வெளிய நூலு தொங்கிட்டு இருந்துச்சு."

அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டது எனக்கே கேவலமாக இருந்தது.

"அவன் முன்னாடி உங்கள எப்படிப்பா சொல்றது? நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன்."

மூன்று வருஷம் பார்த்திருக்கிறான் தம்பி. உன்னிடம் திருடன் என்று பேர் வாங்கிக்கொண்டு, உன் அப்பனுக்கு உன் முன்னால் அவமானம் வரக்கூடாது என்று இருந்திருக்கிறான். ஒரு வார்த்தை குத்தலாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வலித்திருக்கும், அதுவாவது கிடைத்திருக்கும். வண்டியில் பஸ் நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டான். பஸ் வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டான். "அந்த லேப்டாப் இன்னும் ஓடுதாப்பா?" ஓடுகிறது என்றேன். "அப்ப சரி" என்றான்.

கல்யாணமாகப் போகிறவனுக்கு அப்பன் நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். என்னிடம் நாலு இல்லை. திரையில் எழுதியிருப்பதை அழுத்துவதற்கு முன்னால் படி. படிக்காமல் அழுத்திவிட்டாயா, அன்றைக்கே சொல். உனக்கு வரப்போகிறவளிடம் முக்கியமாகச் சொல். அன்றைக்கே சொன்னால் மீதி இடத்தில் இருப்பதை எடுத்துவிடலாம். நாள் போகப் போக நாமே அதன்மேல் வேறு எதையாவது ஏற்றிக்கொண்டே இருப்போம். என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. மன்னித்தாலும் எனக்கு அது உறைக்குமா என்று தெரியவில்லை. மஞ்சுவிடம் நீ பேசினது உன் தப்பு இல்லை, நான் பேசாததால் நீ பேசினாய். ஆனால் பேசினது உன் வாய். அதை என்னால் போய் எடுத்துக்கொண்டு வர முடியாது.

குலதெய்வத்துக்கு ஒன்று, உன் மாமாவுக்கு ஒன்று எடுத்து வைத்தாயிற்று. மூன்றாவது பத்திரிகையைப் பேர் எழுதாமல் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். அதில் மஞ்சுவின் பேர் என் கையெழுத்தில் இருக்கக்கூடாது, நீதான் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை நீ வருகிறாய். சனிக்கிழமை காலை நான் முன்னாலேயே போய் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் தளி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருப்பேன். பக்கத்து சீட்டில் துண்டு போட்டு வைத்திருப்பேன். யார் கேட்டாலும், ஆள் வருகிறார் என்று சொல்வேன். பஸ் நகரும்வரை துண்டை எடுக்கமாட்டேன். நீ வராவிட்டாலும் நான் போகத்தான் போகிறேன், அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். பென் டிரைவ் சட்டைப் பையில்தான் இருக்கும், நூல் வெளியே தெரிகிற மாதிரி.

அப்பா